இடையில் ஓர் இரவு

யாழ்ப்பாணத்தில் காலைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஆறுதலாக வெளிக்கிட்டாலும் பத்து மணிக்கு முன்னர் மன்னாரில் நிற்கலாம். 2010இல் மன்னார்த் தீவுக்கான புதிய பாலமும், அடுத்த ஆண்டே சங்குப்பிட்டிப் பாலமும் வந்தன. பூநகரி வீதி இப்போது வழவழவென்று கிடக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்கிறார்கள் பிள்ளைகள், திரும்பியும் விடுகிறார்கள். எனக்கு அதில் சந்தோசந்தான். ஆனால் வழியில் ஓர் இரவு தங்கித்தான் ஆகவேண்டும் என்றிருந்த காலத்தை நினைத்தால், அந்தத் தங்கலுக்காகவே பயணம் போனோமோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஏதாவது ஒரு வாடிவீடு நினைவுக்கு வரும்.

1978இல் எனக்குப் பதினாறு வயது. இராமேசுவரத்தில் தீர்த்தமாடி, அப்படியே சிதம்பரத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மம்மாவின் நெடுநாள் ஆசை. கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகவேண்டும். கோச்சியில் போவதென்றால் மதவாச்சிக்குப் போய் மாறவேண்டும். ஐயா கார் பிடித்தார். பழைய ஒஸ்ரின் சோமசெட். கூரையில் இரண்டு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருள், அம்மம்மாவின் கட்டுச்சோற்றுப் பெட்டி. கேரதீவில் பாதைக்குக் காத்திருந்ததிலேயே காலைப்பொழுது போனது. கார்களையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அந்த மிதவை அசைந்து அசைந்து அக்கரை சேரும்வரை அம்மம்மா கண்ணை மூடித் தேவாரம் பாடினா. பிறகு வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று கிறவல் புழுதியில் ஒவ்வோர் ஊராக வந்து, திருக்கேதீச்சரத்தில் இறங்கி, பாலாவியில் கால் நனைத்துக் கும்பிட்டு, ஒடுங்கிய பழைய பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாலம் முடிகிற இடத்தில் போர்த்துக்கீசர் 1560இல் கட்டிய கோட்டை. அதன் சுவரில் கடைசி வெயில்.

அந்த இரவுக்கு வாடிவீடு. திருக்கேதீச்சரத்து மடத்திலேயே தங்கலாம் என்றுதான் அம்மம்மா சொன்னா. விடியக் கப்பலைப் பிடிக்க இதுதான் கிட்ட என்று ஐயா தீர்மானித்துவிட்டார். உயர்ந்த கூரை, ஆள் உயரத்துக்கு யன்னல், நீண்ட விறாந்தை. விறாந்தையில் கை நீண்ட சாய்மனைக் கதிரைகள் கடலைப் பார்க்க வரிசையாக இருக்கும். கட்டிலுக்கு மேல் நுளம்பு வலை முடிச்சுப் போட்டுத் தொங்கும். அதை அவிழ்த்துவிடுகிற அந்தக் கணத்தில் அறைக்குள்ளே இன்னோர் அறை பிறக்கும். சுவரில் அரசாங்கம் வகுத்த கட்டணப் பலகை. சாப்பாட்டுப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. வெள்ளைச் சாரம் கட்டிய வாடிவீட்டுக்காரர் வந்து ஐயாவுக்கு முன் நின்று, "விளைமீன் இருக்கு, நண்டு இருக்கு ஐயா. கோழி எண்டால் இப்பவே சொல்லோணும், பிடிக்கவேணும்" என்றார். மாட்டேன் என்று ஓடித் திரிந்த அந்தக் கோழியைப் பார்த்து அம்மா நண்டு போதும் என்றா. அம்மம்மா அந்தச் சமையலைத் தொடவில்லை. விறாந்தை மூலையில் தன் பாயை விரித்து, புளிச்சோற்றையும் பொரித்த மோர்மிளகாயையும் வைத்துக்கொண்டா. ஆனால் எங்கள் தட்டில் நண்டுக்குழம்பு இறங்கிய நேரத்தில் அந்த மூலையிலிருந்து, "முருங்கையிலை போட்டிருக்கிறானோ?" என்று கேள்வி வந்தது. போட்டிருந்தான்.

சாப்பிட்ட பின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் அந்த இரவின் பெரிய செல்வம். வானொலிகூட இல்லை, எல்லோரும் விறாந்தைக்கு வந்தார்கள். அலுவலாகச் சுற்றுப்பயணம் வந்த மீன்பிடித் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர், சென்னைக்குச் சேலை எடுக்கப் போகிற கொழும்பு வியாபாரி ஒருவர், மடுமாதாவுக்கு நேர்த்தி முடித்துவிட்டு வந்த சிங்களத் தம்பதி. ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் அரை மணித்தியாலத்தில் யார் வீட்டில் யாருக்குக் கலியாணம், யாருக்கு நீரிழிவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நாளை விடிந்தால் பிரிந்துவிடுவோம் என்பதால் மனிதர் எதையும் ஒளிக்கவில்லை. அரிப்புக் கோட்டைக் கதையை நான் முதலில் கேட்டது அன்றுதான், அந்த மீன்பிடி உத்தியோகத்தரின் வாயால். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் காட்டுவழியாகத் தப்பி வந்து அரிப்பில் ஒல்லாந்தரிடம் சேர்ந்து, அங்கிருந்து மன்னாருக்கு வந்தார். அரிப்புக் கோட்டையே பிற்காலத்தில் வாடிவீடாகவும் இருந்தது. பக்கத்தில் ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகையை ஊரார் அல்லிராணி கோட்டை என்கிறார்கள், அதைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்றார். எனக்கு நித்திரை பறந்துவிட்டது.

மேசையில் வருகைப் புத்தகம் கிடந்தது. எங்கிருந்து, எங்கே என்று இரண்டு நிரல்கள். 'எங்கே' என்பதன் கீழே பக்கம் பக்கமாக இந்தியா, இந்தியா என்றிருந்தது. அழகான சாய்வெழுத்து, நடுங்கும் எழுத்து, மூன்று மொழிகள். என் பெயரையும் ஐயாவின் பெயருக்குக் கீழே எழுத விட்டார்கள். அந்த நிரலில் 'இந்தியா' என்று எழுதியபோது எனக்கு ஓரடி உயரம் கூடியது. இரவெல்லாம் சோளகம் பனையோலைகளை அடித்துக்கொண்டிருந்தது. நடுச்சாமத்தில் முற்றத்தில் ஏதோ நடமாட, ஐயா டோர்ச்சோடு எழும்பினார். மன்னார்க் கழுதைகள். வெளிச்சத்தைப் பார்த்து ஒன்றும் அசையவில்லை; இடம் தங்களுடையது என்ற நிதானம் அவற்றுக்கு.

விடியத் தலைமன்னார்த் துறையில் 'இராமானுஜம்' நின்றது. எங்களுக்கு முன்னே வரிசையில் நின்றவர்களை நான் இன்றும் மறக்கவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள். பெட்டி, படுக்கை, பாத்திர மூட்டை, கையில் ஒரு குழந்தை, தோளில் ஒரு குழந்தை. அவர்களை ஏற்றி வந்த வண்டியை மலையகத்தில் அழுகைக் கோச்சி என்பார்கள். நாங்கள் திரும்பி வருவதற்காகப் போனோம். அவர்கள் பிறந்த நாட்டை விட்டு, பார்த்தறியாத ஊருக்குப் போனார்கள். கப்பல் ஒன்று, கடல் ஒன்று. ஒரு கிழவி துறையின் மணலை அள்ளிச் சேலை முந்தானையில் முடிந்ததைப் பார்த்து அம்மம்மா விம்மி அழுதா. இராமேசுவரம் போய்ச் சேரும்வரை அவர்களோடுதான் இருந்தா; தன் கட்டுச்சோற்றில் மிச்சமிருந்ததை அவர்களுக்குத்தான் கொடுத்தா.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எண்பதுகளில் கப்பல் நின்றது. 1990இல் பாலம் உடைந்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம் மக்கள் தங்கள் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். அது எங்கள் பெயரால் நடந்த அநியாயம். எத்தனையோ ஆண்டு மன்னாருக்குப் போக முடியாமலிருந்தது, பிறகு பாஸ், தள்ளாடிச் சோதனைச்சாவடி, இறங்கி நடத்தல்.

போன தை மாதம் வேண்டுமென்றே அங்கே ஓர் இரவு தங்கினேன். விடுதி புதியது, பளிங்குத் தரை, குளிரூட்டி, குளியலறையில் சுடுநீர். அம்மம்மா இருந்திருந்தால் அந்தக் குளியலறைக்காகவே இரண்டு நாள் கூட நின்றிருப்பா, அவவின் முழங்காலுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். தனியே வந்த இளம்பெண்கள் இருவர் அச்சமில்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனார்கள். எங்கள் காலத்தில் நினைத்தும் பார்த்திராத காட்சி, மனம் நிறைந்தது. ஆனால் சாப்பாட்டில் பிரைட் றைஸும் கொத்துரொட்டியும்; நண்டு கேட்டால் முன்கூட்டியே சொல்லவேண்டுமாம். விறாந்தை இல்லை. ஏழு மணிக்கெல்லாம் அறைக்கதவுகள் மூடிக்கொண்டன, ஒவ்வொன்றின் கீழும் கைபேசி வெளிச்சம். அத்தனை பேர் அத்தனை ஊரிலிருந்து வந்திருந்தும் எவருடைய கதையும் எனக்குக் கிடைக்கவில்லை. வரவேற்பிலிருந்த பையன் அருமையான பிள்ளை. "அங்கிள், நாளைக்கு என்ன பார்க்கப் போறீங்கள்? பெருக்கமரமோ?" என்று கேட்டான். பள்ளிமுனையில் நூற்றாண்டுகளாக நிற்கும் அந்தப் பெருமரத்தையும் பார்த்தேன், தாம்போதியில் பூநாரைகளையும் பார்த்தேன். தீவின் தென்கரையில் 2020இல் நட்ட முப்பது காற்றாலைகளும் சுழன்றுகொண்டிருந்தன. அன்றிரவு எங்களைத் தாலாட்டிய காற்று இப்போது மின்சாரமாகிறது; நல்லதுதான். ஆனால் மேலும் வேண்டாம், எங்கள் நிலமும் பறவைகளும் தாங்காது என்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கியபோது நான் அவர்கள் பக்கம்.

"தலைமன்னார்த் துறைக்குப் போறன்" என்றேன் பையனிடம். "அங்க ஒண்டும் இல்லையே, அங்கிள்."

அவனுடைய வயதில் அவனுக்கு அது ஒரு முட்டுச்சந்து. எனக்கு அதுதான் வாசல். 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி வந்து தலைமன்னார் வரை கோச்சியைத் திறந்துவைத்தார். அக்கரையில் 1914இன் பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாகப் புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. இரண்டு கரையிலும் தண்டவாளம் புதிது. இடையில் கிடக்கும் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்க் கடலைக் கடக்க மட்டும் வழியில்லை. 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தபோது மகிழ்ந்தேன், ஆனால் என் மனம் தலைமன்னாரிலேயே நிற்கிறது. அங்கே கப்பல் விட்டால் பேரப்பிள்ளைகளோடு முதல் கிழமையே போவேன். காலையில் வெளிக்கிட்டுக் கப்பலைப் பிடிக்க நேரமிருந்தாலும் முதல்நாளே போய் மன்னாரில் தங்குவேன். மன்னார் வாசகர்கள் எவருக்காவது விறாந்தையும் நாலு சாய்மனைக் கதிரையும் உள்ள ஓர் இடம் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். முருங்கையிலை போட்ட நண்டுக்குழம்புக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.