ஆம்னிக்கு ஒரு மண்டகப்படி

இங்கிலாந்தில் 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்றொரு முன்னாள் கடற்படை மருத்துவர் ‘வாண்டரர்’ என்று ஒரு சக்கர வீட்டைக் கட்டி, குதிரை பூட்டி, ஸ்காட்லாந்து வரை போனார். கூடவே ‘ஹரிகேன் பாப்’ என்ற நியூஃபவுண்ட்லாந்து நாய், ஒரு கிளி, ஒரு வண்டிக்காரர். இதுபோக, மூன்றுசக்கர சைக்கிளில் முன்னால் போய் வழி பார்த்துச் சொல்ல ஒரு வேலையாள். என்னிடம் இருப்பது, 2019-ல் உற்பத்தியே நின்றுபோன மாருதி ஆம்னி. நாய் உண்டு. வழி பார்க்கத்தான் ஆளில்லை. பக்கத்து சீட்டில் மனைவி இருக்கிறாள்; அவள் வழியைப் பார்ப்பதில்லை, நான் ஓட்டுவதைப் பார்க்கிறாள்.

அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஆகவே பின்சீட்டை மடித்து மெத்தை விரித்தேன். ஒரு சின்ன கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்க் குடம். வீடு ரெடி. நாய், ராஜபாளையம். 2005-ல் தபால்துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டதே, அதில் இந்த இனமும் ஒன்று. பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, எதிரில் வருபவரை இரண்டடி பின்வாங்க வைக்கும் நெஞ்சு. இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். எங்கள் பாண்டியும் அப்படித்தான். இது குடும்பத்துக்குள் காக்கப்படும் ராணுவ ரகசியம்.

மதுரைக்குப் பக்கத்துக் கீழக்குயில்குடியில், சமணமலை அடிவாரத்துத் தாமரைக்குளத்தின் ஓரம் வண்டியை நிறுத்தினோம். ஊர் நாய்கள் மொத்தமும் திரண்டு வந்து எல்லைத் தாவா எழுப்பின. பாண்டிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை எல்லாரையும் ஏற இறங்கப் பார்த்தது, கொட்டாவி விட்டது, படுத்துக்கொண்டது. இவ்வளவு திட்டியும் வாய் திறக்காத எதிராளியை அந்த ஊர் பார்த்ததில்லை போலும். தலைவர் நாய் குழம்பிப்போய் முதலில் வெளிநடப்புச் செய்தது, மற்றவை பின்னாலேயே போயின.

மனிதர்களை அப்படி அனுப்ப முடியாது. தமிழ் சினிமாவில் ஆள் கடத்துகிறவர்களுக்கு ஆம்னிதான் ஆஸ்தான வாகனம் என்பதால், எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்ப்பார். கட்டிப்போட்ட ஆள் இல்லை, சட்டி பானைதான் இருக்கிறது என்றானதும் சந்தேகம் மாறும். “ஷூட்டிங்காண்ணே? கேரவனா?” அடுத்து நாய்க்கு விலை கேட்பார்கள். “முயல் பிடிக்குமா?” பிடித்தால் 1972-ம் வருடத்து வனவிலங்குச் சட்டம் என்னைப் பிடிக்கும் என்றேன். சிரித்துவிட்டு, சத்தத்தைத் தணித்து மறுபடி அதையே கேட்டார்கள்.

குறை சொல்லவும் முடியாது. இந்தப் பக்கம் பயணத்துக்கு இலக்கணம் வகுத்தவர் கள்ளழகர். அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். சித்திரையில் பல்லக்கேறிப் புறப்பட்டால், வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று, இரவெல்லாம் கழித்துத்தான் வந்து சேர்கிறார். சாமியையே நிறுத்தாமல் அனுப்பாத ஜனம், ஆம்னியையா விடும்? அந்தத் திருவிழாவுக்குக் கூண்டுவண்டி கட்டி வந்த குடும்பங்களும் அரிசி பருப்போடு வந்து, பொங்கித் தின்று, வைகை மணலிலேயே படுத்தெழுந்தவைதான். அச்சுக்கு அடியில், வண்டி நிழலிலேயே ஓடிவந்த நாயும் உண்டு. ஸ்டேபிள்ஸ் பாவம், தான்தான் ஆரம்பித்து வைத்ததாக நினைத்திருப்பார்.

எங்களுக்கு வாய்த்த பெரிய மண்டகப்படி அரிட்டாபட்டியில். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ராஜாளி பார்க்கலாம் என்று சாயங்காலம் மலையடியில் ஒதுங்கினோம். ஒரு அப்பத்தா வந்தார்.

“ஏய்யா, வீட்டுல எடமில்லையா?”

“இருக்கு அப்பத்தா. சும்மா ஊர் பார்க்க வந்தோம்.”

“வீடு இருக்கவுக எதுக்கய்யா வண்டிக்குள்ள படுக்கணும்?” மெத்தையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வெயிலில் வெந்த முகம். அதைத் துயரம் என்று தீர்மானித்துவிட்டார். “புள்ளைக எத்தனை?”

“ஒரே பையன். சென்னையில.”

“அதான பார்த்தேன்.”

போனவர் கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்தார். பாண்டிக்குத் தனிச்சட்டி. “இந்த வாயில்லா சீவனையும் சேத்துல்ல வெரட்டியிருக்கான்! போனைப் போடு தாயி.” நான் சொன்னால் எதையும் நாளைக்குச் செய்யும் என் மனைவி, அந்த நொடியே மகன் நம்பரை அழுத்தி நீட்டினாள். அப்பத்தா இடுப்பில் கைவைத்துப் பேசத் தொடங்கினார். ராஜாளி ஏதும் இருந்திருந்தால் அப்போதே மேலூர் தாண்டியிருக்கும். பாண்டி மட்டும் நிம்மதியாகத் தூங்கியது.

இரவு பையன் கூப்பிட்டான். “அப்பா, யாருப்பா அது? ஞாயித்துக்கெழம வந்து உங்கள கூட்டிட்டுப் போறேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ரயில் டிக்கெட்ட வாட்ஸ்அப்ல அனுப்பணுமாம். பேரன் நம்பர் குடுத்திருக்காங்க.”