கோட்டைக்குள் மான்

திருகோணமலையின் பழம்பெருமையைப் பார்க்க வருகிறவருக்கு முதலில் காட்சி தருவது பிரெட்றிக் கோட்டை வாசலும் துவக்கோடு நிற்கும் ஆமிக்காரரும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே 1624இல் கட்டிய கோட்டை இது. பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். எல்லாரும் அடிபட்டது துறைமுகத்துக்காக. அதில் நல்ல பங்கு இப்போது கடற்படை வேலிக்குள். ஆகவே பயணி மானைப் படம் பிடிக்கிறார்.

புள்ளிமானும் சளைத்ததல்ல. வடையைப் பறித்து, சுற்றிவந்த கடதாசியையும் சேர்த்து மெல்லும். அடையாள அட்டை கேட்க ஆளில்லாமல் முகாம் முழுக்கத் திரிவது அது ஒன்றுதான். உள்ளே திரும்பக் கட்டிய கோணேசர் கோயிலில் சாமி கும்பிடப் போகிற நாங்கள் மட்டும் ஓரமாக, ஒழுங்காக, மலையேறுகிறோம். இடித்த கல்லுக்கு இன்றுவரை யாரும் கோணேசருக்குக் காசு கட்டவில்லை.