ஜடோரும் அதோட ஜாடையும்

வாடி தாயி, வா. வாசம் முன்னால வந்துருச்சு, நீதான் பின்னால வர்ற. என்ன, நீ வாங்குன சென்ட்டு டியோர் கம்பெனி ஜடோர் மாதிரியே இருக்காமா? 350 ரூபாதானா? அசல் பல ஆயிரம் விக்கிதுங்கிறாக. மிச்சம் புடிச்ச காசுல ஒரு ஆடே வாங்கியிருக்கலாமே, எங்க ஆடு?

சரி, கைய நீட்டு. ஏய், மணிக்கட்டு ரெண்டையும் சேத்து வச்சு எதுக்குத் தேய்க்கிற? அது சென்ட்டா, அழுக்கா? சும்மா காய விடு. அடிச்ச ஒடனே வர்றது ஸ்பிரிட்டும் பழ வாசமுந்தான். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு மாப்பிள்ளை பேசுற பேச்சு அது. அதுல மயங்கித்தான் கடையில காசக் குடுத்திருப்ப. அரைமணி நேரம் கழிச்சு மோந்து பாரு, உள்ள இருக்கிற ஆளு தெரிவான். அதுவரைக்கும் காப்பியக் குடி.

ஜடோர் 1999-ல வந்த சரக்கு. பூ வாசந்தான், மல்லியும் ரோசாவும் அதுல பெரிய ஆளுக. நம்ம தமிழ்நாட்டு மல்லியச் சாறா எடுத்து பிரான்சு வரைக்கும் அனுப்புறாக, தெரியுமா? நூத்துக்கணக்குல கிலோப் பூவப் போட்டாத்தான் ஒரு கிலோ அசல் சாறு தேறும். முகூர்த்த நாள்ல கிலோ ஆயிரத்தத் தாண்டுற பூவு அது. உன் 350 ரூபாயில எத்தனை மொட்டு இருக்கும்னு பி.காம். படிச்சவ நீயே கணக்குப் போடு.

இப்ப மோந்து பாரு. ராத்திரி பூராம் தலையில இருந்த மல்லிச்சரம் விடியக்காலையில எப்புடி இருக்கும்? லேசா ஒரு நெடி, மாட்டுக்கொட்டத்தை எட்டிப் பாத்துட்டு வந்தாப்புல. பேக்டரிக்காரவுக அத இண்டோல்ங்கிறாக. அந்தத் துளி அழுக்கு இருக்கப்போயித்தான் மல்லி மல்லியா இருக்கு. உன் பாட்டில்ல அதக் காணோம். பூவச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மேல சீனியத் தூவி விட்டிருக்கான். எத்தில் மால்டால்னு ஒரு சரக்கு, பஞ்சு மிட்டாய் வாசம் அடிக்கும். அதத்தான் கொஞ்சம் தாராளமா ஊத்திப்புட்டான்.

திருட்டான்னு பயப்படாத. வாசத்துக்கு எவன் பட்டா போட முடியும்? வாசனைக்குப் பதிப்புரிமை கெடையாதுன்னு பிரான்சு உச்ச நீதிமன்றமே 2006-ல சொல்லிருச்சு. பேரையோ லேபிளையோ காப்பி அடிச்சாத்தான் கேசு.

என் தீர்ப்பா? குடுத்த காசுக்கு மோசமில்ல. எவளாச்சும் “ஜடோரா?”ன்னு கேட்டா ஆமான்னும் சொல்லாத, இல்லன்னும் சொல்லாத, சிரிச்சு வையி. ஆபீசுக்கு ரெண்டு தடவ அடிச்சாப் போதும். டவுன் பஸ்ஸுல ஏறுற அன்னிக்கு அதுல பாதி, பக்கத்து சீட்டுக்காரி என்ன பாவம் பண்ணினா? பட்டுச்சேலை மேல நேரா அடிச்சுறாத, கறை விழுந்தா உங்காத்தா என்னையத்தான் வைவா. கல்யாணத்துக்குப் போறப்ப மட்டும் இத அலமாரியில வச்சுப் பூட்டிட்டு, ரெண்டு முழம் பூவு வாங்கித் தலையில வையி.