சேர்க்காததற்கும் சேர்த்துக் காசு

சனிக்கிழமை ராத்திரி குடித்த ஷார்டனே ஒயின் இன்னும் தொண்டையை விட்டுப் போகவில்லை. அந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் பற்றி ஒரு முக்கியமான விஷயம் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பாரிசில் நண்பர்களோடு வெளியே போனால் இப்போதெல்லாம் சாதாரண ஒயின் கேட்க வாய் வருவதில்லை. "ஜூராவில், ஆர்புவா பக்கம், புருஷன் பெண்டாட்டி இரண்டே பேராகச் செய்கிற ஷார்டனே" என்று ஒயின் ஊற்ற வந்த தாடிக்காரர் ஆரம்பித்தார். அந்த இடத்தில் நாமெல்லாம் என்ன செய்வோமோ அதைத்தான் நானும் செய்தேன். தலையாட்டினேன்.

களைக்கொல்லி அடிக்கவில்லை என்றார். ஆட்டினேன். இயந்திரம் விட்டுப் பறிக்கவில்லை. கடை ஈஸ்ட் போடவில்லை, தோட்டத்திலும் நிலவறையிலும் இருப்பதே போதும். சர்க்கரை போடவில்லை. புளிப்பைச் சரிக்கட்டவில்லை. தெளியவைக்க பென்டோனைட் களிமண் போடவில்லை. வடிகட்டவில்லை. சல்பைட் சேர்க்கவில்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் விலை ஒரு படி ஏறியிருந்தது. எல்லாம் சேர்த்த ஒயின் பக்கத்துக் கடையில் 8 யூரோ. ஒன்றுமே சேர்க்காதது இங்கே 58. நல்லவேளை, திராட்சையைச் சேர்த்திருந்தார்கள். அதையும் விட்டிருந்தால் நான் வீட்டை அடகு வைத்திருப்பேன்.

யோசித்துப் பார்த்தால் ஆபீசில் நானும் பல வருஷமாகக் குறைந்த தலையீட்டு முறையில்தான் வேலை செய்கிறேன். வந்த ஃபைலில் கை வைப்பதில்லை. வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை. இருட்டான அலமாரியில் வைத்துவிட்டால் தானே நொதித்துப் பக்குவப்படும் என்பது என் நம்பிக்கை. மேலே ஏதாவது படர்ந்தாலும் கலைப்பதில்லை. வடிகட்டாமல் அப்படியே மேலதிகாரிக்கு அனுப்புகிறேன். கலங்கலாக இருக்கிறதே என்கிறார். அது உயிருள்ள ஃபைல் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு தாடிக்காரர் இல்லை. சம்பளமும் எந்தத் தலையீடும் இல்லாமல் அப்படியே இருக்கிறது.

எங்கே விட்டேன்? பாட்டிலின் வாயில் சிவப்பு மெழுகு. திறந்தபோது அதில் இரண்டு துணுக்கு என் கிளாசில் விழுந்து மிதந்தது. ஒயின் நீராகாரம் மாதிரி கலங்கியிருந்தது. சுழற்றினேன், மோந்தேன். ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் வால்நட். நன்றாகத்தான் இருந்தது. ஆட்டினேன். ஊற்றிவிட்டுப் போனார். விழுங்கிச் சில வினாடி கழித்து நாக்கின் அடியிலிருந்து எழுந்தது எலி. பழைய எலிக்கூண்டு நாற்றம்.

இந்த எலிக்கு ஒரு தந்திரம் உண்டு. ஒயினின் புளிப்பில் அது பதுங்கியிருக்கும், மூக்குக்கு எட்டாது. வாயில் எச்சில் கலந்து புளிப்பு தணிந்த பிறகுதான் தலைகாட்டும். அதாவது மோந்து பார்த்துத் தலையாட்டும் நம் சடங்கில் அது மாட்டவே மாட்டாது. இன்னும் கொடுமை, சிலருக்கு அது தெரிவதே இல்லை. பக்கத்தில் நண்பர் கண்ணை மூடி "அற்புதம்" என்றார். தாடிக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதுதான் அந்த மண்ணின் குணம் என்றார். மண்ணில் எலி இருக்கலாம். எனக்கு ஏன் ஊற்ற வேண்டும்?

ஒன்றும் சேர்க்காமல் ஒயின் செய்யும் இந்த வழியைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான போஜொலே பகுதி ஜூல் ஷோவே வேதியியல் தெரிந்த ஒயின் வணிகர். சல்பர் இல்லாமல் செய்வதென்றால் எவ்வளவு சுத்தம், எவ்வளவு காவல் வேண்டும் என்று சோதித்துப் பார்த்தவர். ஆர்புவாவுக்குப் பக்கத்தில் பூப்பியாங் கிராமத்து பியேர் ஓவெர்னுவா அந்த வழியில் செய்த ஒயினுக்கு உலகமே அலைகிறது. ஒன்றும் சேர்க்காமலிருக்க அவர்கள் ராப்பகலாக வேலை பார்த்தார்கள். என் பாட்டிலைச் செய்தவர்கள் ஒன்றும் சேர்க்காததோடு வேலையையும் சேர்க்கவில்லை.

2020-இல் பிரான்சில் இயற்கை ஒயினுக்கென்று ஒரு முத்திரை வந்தது. அதில்கூட லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் சல்பைட் இருக்கலாம். சாதாரண வெள்ளை ஒயினுக்கு 200 வரை. நான் சொல்ல வந்ததே இதில்தான் இருக்கிறது, ஆனால் பில்லை நினைத்தால் கை நடுங்குகிறது.

அடுத்த தடவை உங்கள் கிளாசில் ஒரு விரற்கடை ஊற்றிவிட்டு யாராவது முகத்தைப் பார்த்தபடி நின்றால், விழுங்கிவிட்டுப் பத்து வினாடி பேசாமல் இருங்கள். அவர் நிற்கட்டும். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.