ரெண்டு மாநிலத்துத் தொடை வலி

பாறசாலைக்குத் தெற்கே, இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் குடியிருப்பவனுக்குத் தொடை வலித்தால் அது இரண்டு மாநிலங்களின் பிரச்சினை. கேரளத்துப் பக்கத்துக் கூட்டம் விசாரித்துவிட்டுப் போகும். அது படியிறங்குவதற்குள் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கூட்டம் வைத்தியம் சொல்ல வந்துவிடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டோடு போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் அந்த உத்தரவை இன்றுவரை மதிக்கவில்லை.

நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004 முதல் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் வராமல் இரண்டு அரசுகளுக்கும் இழுபறி. தொப்பையில் மட்டும் முழு உடன்பாடு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எடை கூடிய பெண்கள் கேரளத்தில் 38.1 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4. ஆண்களில் அங்கே 36.4, இங்கே 37. எல்லையில் இருப்பவன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தப்ப முடியாது. டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார், பிறகு மறுபடியும் தாளைப் பார்த்தார். "நடக்கணும்" என்றார்.

வெறுமனே நடந்தால் யார் மதிப்பார்கள்? வெள்ளறடைக்குப் பக்கத்துக் குருசுமலையில் ஏறுவதென்று முடிவு செய்தேன். தவக்காலத்தில் இரண்டு மாநிலத்து ஜனங்களும் குழந்தை குட்டியோடு ஏறும் மலைதான். ஏறும்போது மூச்சு இரைத்தது, கண்ணில் பூச்சி பறந்தது. என்னைவிட இரு மடங்கு வயதுள்ள பாட்டி ஒருத்தி ஜெபமாலை உருட்டியபடி முந்திப் போனாள். ஆனால் இறக்கம் இருக்கிறதே, அது சொர்க்கம். மூச்சு வாங்கவில்லை, வியர்வை காய்ந்துவிட்டது, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே குதித்துக் குதித்து வந்தேன்.

வினை அந்த இறக்கத்தில்தான் இருந்தது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை, பிரேக்கை மிதித்தபடி சரிவில் இறங்கும் லாரியைப் போல, உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசையானால், அதற்குள்ளிருக்கும் நுண்ணிழைகள் அங்கங்கே கிழிகின்றன. மூச்சு வாங்காததால் இது நமக்குத் தெரிவதில்லை. உடம்பும் உடனே புகார் கொடுப்பதில்லை. முதல் நாள் விட்டுவைத்து, இரண்டாம் மூன்றாம் நாளில் வட்டியோடு வசூலிக்கும்.

இரண்டாம் நாள் காலையில் கக்கூஸுக்குப் போனேன். எங்கள் வீட்டில் இருப்பது பழைய பாணி, குந்தி உட்காருவது. உட்கார்ந்தது பூமியின் ஈர்ப்பு விசையால். எழுந்தது மனைவியின் கைவிசையால். இதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை.

அம்மை வாசலிலேயே தீர்ப்புச் சொன்னாள்: "மக்கா, குருசுமலைக்குப் பிரார்த்திக்கத்தான் போணும். தடி கொறைக்கப் போகப்பிடாது." அடுத்த நிமிடம் நொச்சியிலையும் புளியிலையும் அடுப்பில் கொதித்தன. ஜிம்முக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். "சேட்டா, ஸ்ட்ரெச் செய்தில்லே? லாக்டிக் ஆசிட் கெட்டிக் கெடக்குது" என்று மலையாளமும் தமிழும் கலந்து சொல்லி, புரோட்டீன் பொடி டப்பா ஒன்றின் விலையையும் சொன்னான். விலையைக் கேட்டதும் வலி சற்று இடம் மாறியது.

பாவம் லாக்டிக் ஆசிட். ஊரில் எந்தத் தசை வலித்தாலும் பழி அதன்மேல் விழுகிறது. அது உழைப்பு நின்ற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். இரண்டாம் நாள் வலிக்கும்போது அது ஊரிலேயே இல்லை. 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர், பழகாத தசைகளைச் சுருள்வில்லோடு மல்லுக்கட்ட வைத்துப் பார்த்து, தாமதமாக வரும் இந்த வலிக்குக் காரணம் தசைக்குள் நேரும் கிழிசல்தான் என்று எழுதிவிட்டார். அதே 1902-இல்தான் கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலை தொடங்கியது. என் அலமாரியிலிருக்கும் முறிவெண்ணெய், தன்வந்தரம் குழம்பு, கொட்டஞ்சுக்காதி வரிசையைப் பார்த்தால், 1902-ஆம் ஆண்டே எனக்காக நடந்ததுபோல் தோன்றும். ஸ்ட்ரெச் விஷயத்திலும் பையன் கட்சி தோற்றது. முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் இந்த வலி குறைவது மிகச் சொற்பம் என்றே ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

புரோட்டீன் வேண்டும் என்பது மட்டும் நியாயம். கிழிந்ததைத் தைக்க நூல் வேண்டுமே. அதற்கு டப்பா எதற்கு? 100 கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. கஞ்சியும் பயறும் சாளைக்கறியும் போதும். நன்றாகத் தூங்க வேண்டும், கட்டிலே கதியென்று கிடக்காமல் முற்றத்தில் நாலு நடை நடக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் தானே போய்விடும். சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனால் மட்டும் இந்தக் கட்டுரையை மடக்கி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை அது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சாளைக்கறியோடு நின்றிருந்தால் சரி. ஆனால் எங்கள் ஊரில் அனுதாபம் வெறுங்கையோடு வராது. கிழக்கு வீட்டு மாமி பழம்பொரி கொண்டுவந்தார். களியக்காவிளையிலிருந்து அத்தான் ஆட்டுக்கால் சூப்போடு வந்து, தொட்டுக்கொள்ளப் பரோட்டாவும் எடுத்து வைத்தார். உதயன்குளங்கரைச் சித்தி கருப்பட்டி போட்ட இலையப்பம் அனுப்பினார். மறுத்தால் மனது நோகும். ஏற்கெனவே தொடை நோகிறது, இரண்டும் தாங்காது.

படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். 80 கிலோ உடம்பை 300 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, தசையின் வீணடிப்பையும் சேர்த்து ஏறக்குறைய 225 கலோரி செலவாகும். 1 கிலோ கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. ஏற்றத்தை மட்டும் எண்ணினால் கிலோவுக்கு 34 மலை. மாமியின் தட்டில் இருந்தது எத்தனை மலை என்று கணக்கிட எனக்குத் தைரியம் வரவில்லை. எடை மெஷினில் ஏறி நின்றால், மலைக்குப் போவதற்கு முன்பிருந்ததைவிடக் கூடுதல். கிழிந்த தசை வீங்கி நீர் கோத்துக்கொள்ளும், அதனால் சில நாள் எடை கூடித் தெரியும் என்கிறது விஞ்ஞானம். நான் அந்த விளக்கத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டேன். பரோட்டாவைப் பற்றி விஞ்ஞானம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியில் ஆசானைப் போய்ப் பார்த்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம், அடிமுறையும் வர்மமும் பரம்பரையாகத் தெரிந்த குடும்பம். தொடையில் விரலை வைத்ததும் நான் போட்ட சத்தத்துக்குத் தொழுவத்தில் பசு பதில் சொன்னது. "இன்னைக்குத் தொடமாட்டேன். ரெண்டு நாளு கழிச்சு வா, உழிச்சல் போடலாம்" என்றார். இப்போதே போட்டால் என்ன என்று கேட்டேன். "வலி எறங்கற நேரம் தடவினாத்தான் மக்கா தைலத்துக்குப் பேரு" என்றார். நான் கேட்ட அத்தனை வைத்தியத்திலும் உள்ளதை உள்ளபடி சொன்னவர் அவர் ஒருவரே. அவர் சொன்ன நாளில் போனேன், தடவினார், வலி போய்விட்டது. ஆசானுக்குப் பேரும் தட்சிணையும் கிடைத்தன.

வலி போன கையோடு மறுபடியும் மலைக்குப் போனேன். இம்முறை இறங்கிவந்து இரண்டாம் நாளும் ஒன்றும் இல்லை. ஒரு தடவை அடிபட்ட தசை, சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அசைந்துகொடுக்காது. விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் பனையேறியவர்கள் தினமும் மரம் மரமாக ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் விடியுமுன் அக்கானி இறக்க மறுபடியும் ஏறினார்களே, அவர்கள் தொடைக்கு இது பால பாடம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மாமி எட்டிப் பார்க்கவில்லை, அத்தான் போன்கூடச் செய்யவில்லை.

சோதித்துப் பார்க்கலாமே என்று நாற்காலியிலிருந்து எழும்போது, "அய்யோ" என்று ஒரு குரல் கொடுத்தேன்.

"காலு வலிக்குதா?" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்தே.

"கொஞ்சம்."

"கைக்கு ஒண்ணும் இல்லையே? மரச்சீனிக்கு மண்ணு கூட்டணும், மண்வெட்டி கதவுக்குப் பின்னால இருக்கு."

தோளும் முதுகும் குருசுமலைக்குப் போய்ப் பழகியவை அல்ல. நாளை மறுநாளுக்குள் பழம்பொரி வந்துவிடும்.