வாலி விளைவு: மலையுச்சி வானொலி குறித்து வாலிகண்டபுரத்திலிருந்து ஓர் ஆய்வு

வாலிகண்டபுரத்தில் கைப்பேசிக்கு டவர் நன்றாகவே கிடைக்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிங்கப்பூர் மருமகனின் முகத்தைப் பார்த்துப் பேசலாம், அவர் எடுத்தால். நிலைமை இப்படியிருக்க, ஒரு மனிதர் விடியுமுன் எழுகிறார், புளிசாதம் கட்டிக்கொள்கிறார், ஆறு கிலோ சுமையோடு பச்சைமலை உச்சிக்கு ஏறுகிறார், கம்பியை இழுத்துக் கட்டுகிறார், திருச்சியில் ஏதோ ஒரு மொட்டை மாடியில் இருப்பவரிடம் ‘உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது’ என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுகிறார். இந்நடத்தையை முனைவர் பட்டத்துக்கு எவரும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கொசுவுக்கும் கோலத்துக்கும் ஆய்வேடு இருக்கிற நாட்டில் இது பெருங்குறை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுப்போம். ஹாம் எனப்படுவோர் மத்திய அரசின் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, சொந்தக் கருவியில் காற்றலை வழியே பேசுகிறவர்கள். நம் நாட்டில் அவர்களுடைய அடையாளக் குறியான கால்சைன் பெரும்பாலும் வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும். பெரும்பான்மையோர் வீட்டிலேயே உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களுள் மலையேறிப் பேசும் ஒரு கிளை உண்டு. அக்கிளைக்கு ஆகம விதிகள் 2002 மார்ச் 2 அன்று பிரிட்டனில் வகுக்கப்பட்டன. ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்பது திட்டத்தின் பெயர். விதிகள் எளியவை, ஆனால் கண்டிப்பானவை. மலை, சுற்றியுள்ள நிலத்திலிருந்து பொதுவாக 150 மீட்டராவது தனித்து எழுந்திருக்க வேண்டும். உச்சிப் புள்ளிக்குக் கீழே செங்குத்தாக 25 மீட்டருக்குள் நின்று பேச வேண்டும். அந்த எல்லைக்குள் வண்டியில் நுழையக் கூடாது. கருவி, ஆன்டெனா, பேட்டரி எல்லாவற்றையும் சுமந்தே கொண்டுபோக வேண்டும், ஜெனரேட்டர் ஆகாது. நான்கு பேரிடமாவது பேசினால்தான் புள்ளி.

இவ்விதிகளை நம் நிலத்தில் பொருத்திப் பார்ப்பதே இவ்வாய்வின் முறையியல். கண்ணுக்கு முதலில் படும் உயரம் ரஞ்சன்குடிக் கோட்டைப் பாறை. படியேறிவிடலாம், காற்றும் நன்றாக வரும். ஆனால் 150 மீட்டர் விதியில் அது தோற்றுவிடும். மேலும் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். கொடிமரம் போல் ஒன்றை அங்கே நட்டுவிட்டு, ‘இது ஏழு மெகாஹெர்ட்ஸ் ஐயா’ என்று காவலரிடம் விளக்குவது நடைமுறைக்கு ஒத்து வராது. ஆகவே மேற்கே திரும்பி, மரச்சிற்பத்துக்குப் பேர்போன அரும்பாவூர் வழியாகப் பச்சைமலைக்குத்தான் போயாக வேண்டும். காட்டுக்குள் நுழைய வனத்துறையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே விதிகளின் ஓர் ஓட்டையையும் பதிவு செய்தல் கடமை. பச்சைமலை மேலேயே ஊர்கள் உண்டு. துறையூர்ப் பக்கத்திலிருந்து டாப்செங்காட்டுப்பட்டிக்குப் பேருந்து ஏறுகிறது. விதியோ கடைசி 25 மீட்டர் உயரத்தைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறது. எனவே பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து மிச்சத்தை நடந்து ஏறுபவரும் அரும்பாவூர்ப் பக்கத்து அடிவாரத்திலிருந்து மூச்சுவாங்க ஏறி வந்தவரும் ஒரே புள்ளிதான் பெறுவர். முன்னவர் இதைப் பின்னவரிடம் சொல்லாதிருத்தல் நலம்.

இனி, மலை எதற்கு என்னும் கேள்வி. கைக்கருவியின் வி.எச்.எஃப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வன, பூமியோ உருண்டை. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அலை எட்டும் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். வாலிகண்டபுரத்துத் தெருவில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கைக்கருவியைப் பிடித்தால் 5 கிலோமீட்டர். சமவெளிக்கு மேலே 600 மீட்டர் உயரத்தில் நின்றால் ஏறத்தாழ 100. திருச்சி, அரியலூர், சேலம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். கருவி அதே ஐந்து வாட் கருவிதான்; நம் குரலும் அதே குரல்தான்.

இதை வெறும் இயற்பியல் என்று விட்டுவிடுவது வாலிகண்டபுரத்தானுக்கு அழகல்ல. வாலி வந்து சிவனை வழிபட்ட தலம் என்பது ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் காரணம். வாலீஸ்வரர் கோயில் சாட்சி. அந்த வாலிக்கு ஒரு வரம் இருந்தது: எதிரே நின்று போரிடுகிறவனின் பலத்தில் பாதி அவனுக்கு வந்துவிடும். பண்பலை எனும் எஃப்.எம். முறையில் பேசுகிறவர்கள் இதை அன்றாடம் அனுபவிக்கிறார்கள். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு குரலும் கலந்து கேட்காது. வலுவான அலை மட்டுமே ஒலிக்கும். மெலிந்தது இருந்த சுவடே தெரியாமல் அமுங்கிவிடும். அமுங்கியவருக்குத் தாம் அமுங்கியதும் தெரியாது. பாவம், இந்த முனையில் பேசிக்கொண்டே இருப்பார். பொறியாளர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். இனி இது ‘வாலி விளைவு’ என வழங்கப்பட வேண்டும் என்று இக்கட்டுரை முன்மொழிகிறது.

ஒரு மறுப்பு எழும். மலைமேல் இருந்தவன் வாலியா? இல்லையே, ரிசியமுக மலையில் ஒளிந்திருந்தவன் சுக்ரீவன் அல்லவா? மதங்க முனிவரின் சாபத்தால் வாலி அந்த மலையில் கால்வைக்கவே முடியாதே? மறுப்பு வலுவானது. ஆனால் கூர்ந்து நோக்கினால் அது நம் கட்சிக்கே வந்து சேர்கிறது. சுக்ரீவன் மலைமேல் இருந்தவரை அவனை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மலையை விட்டு இறங்கி, கிட்கிந்தை வாசலில் நின்று குரல் கொடுத்தபோதுதான் அடி விழுந்தது. உயரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அழைப்பு விடுத்ததன் பலன் அது. எந்த ஹாமும் ஒப்புக்கொள்வார்.

அந்தச் சம்பவத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. முதல் முறை இராமன் அம்பு விடவில்லை; அண்ணன் யார், தம்பி யார் என்று வேற்றுமை தெரியவில்லை. அதாவது இரு நிலையங்கள் அடையாளம் சொல்லாமல் ஒலிபரப்பின. இரண்டாம் முறை சுக்ரீவன் கொடிப்பூ மாலை அணிந்து போனான், காரியம் முடிந்தது. ஹாம்கள் பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் கால்சைன் சொல்லியே ஆக வேண்டும் என்ற ஒழுங்குக்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் கிடைக்குமா? மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றவர், தாம் பேசாமல் பிறர் பேசுவதைக் கேட்பவர் என்னும் வகையைச் சேர்ந்தவர் என்று நிறுவவும் இடமுண்டு. ஆனால் அதைத் தொட்டால் பட்டிமன்றம் வேறு திசைக்குப் போய்விடும். நாம் ஊர் திரும்ப வேண்டியவர்கள்.

இவ்வூரின் அழைப்பியல் வரலாறு புராணத்தோடு முடியவில்லை. 1751-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறம் என்று இங்கே வந்து இறங்கினார்கள். ஆங்கில நூல்களில் இது ‘வால்கொண்டா’ சண்டை. இரு தரப்பும் ரஞ்சன்குடிக் கோட்டைத் தலைவனைத் தம் பக்கம் இழுக்கத் தூது மேல் தூது விட்டன; அவன் யாருக்கும் பிடிகொடுக்காமல் நாளைக் கடத்தினான். எல்லா அழைப்பும் அவன் காதில் விழுந்தது, எதற்கும் பதில் இல்லை. இப்படிப்பட்டவர்கள் இன்றும் காற்றலையில் உண்டு. பிறகு சண்டை மூண்டது. ஆங்கிலப் படை தோற்றுத் திருச்சியை நோக்கி ஓடியது. அந்தப் படையோடு வந்திருந்த ராபர்ட் கிளைவுக்கு அப்போது வயது இருபத்தைந்து.

அடுத்து, எடைக் கணக்கு. கருவி, பேட்டரி, இருபது மீட்டர் கம்பி, அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஃபைபர் தூண்டில் கழி, தண்ணீர், சோறு, குறிப்பேடு என எல்லாம் சேர்த்து ஆறு கிலோ என்று வைப்போம். (மலைமேல் நீண்ட கோலோடு நிற்பதற்கு அருகிலேயே முன்னோடி உண்டு: செட்டிகுளம் குன்றில் தண்டாயுதபாணி கையில் கரும்பு.) உச்சியில் நடக்கும் ஓர் உரையாடலில் இரண்டு கால்சைன்களும் ‘59’ என்ற எண்ணும் வாழ்த்துக்குரிய ‘73’-உம் இடம்பெறும். ஐந்து என்றால் பேச்சு தெளிவாகப் புரிகிறது, ஒன்பது என்றால் அலை வலுவாக இருக்கிறது. மொத்தம் இருபது எழுத்துக்கு மேல் போகாது. நான்கு பேருக்கு எண்பது. ஆக, ஓர் எழுத்துக்கு 75 கிராம் சுமை. அச்சுக்கோத்த காலத்து ஈய எழுத்துகூட இவ்வளவு கனத்திருக்காது.

இந்த எண்பது எழுத்தும் முடிந்த பிறகுதான் அன்றைய உண்மையான பேச்சு தொடங்குகிறது என்பது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. உச்சியில் கம்பி ஏறியதும் எங்கிருந்தோ ஆட்கள் வந்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘டவர் போடப் போறீங்களா?’ இது நம்பிக்கையின் கேள்வி. இரண்டாவது, ‘சர்வே எடுக்கிறீங்களா? குவாரி வருதா?’ இது பயத்தின் கேள்வி. குன்றுகளைக் குடைந்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றுவதைப் பார்த்துப் பழகிய மாவட்டத்தில், மலைமேல் கோலும் கயிறுமாக நிற்கும் வெளியூரானைப் பார்த்து இதைக் கேட்பதில் வியப்பில்லை. இதற்குச் சிரிக்காமல், உட்கார்ந்து, பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். புதையல் பற்றிய மூன்றாம் கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை; பையை எட்டிப் பார்ப்பதோடு சரி.

ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர் நடத்திய குறுக்கு விசாரணையைக் களத்தரவாகத் தருகிறோம்:

“ஏந் தம்பி, விக்டரு விக்டருன்னு கத்துனியே, அவரு கெடைச்சாரா?”

“விக்டர் நாந்தான் ஆயா. அது என் அடையாளத்தோட மொத எழுத்து, ‘வி’.”

“யாருகிட்டப் பேசுன?”

“திருச்சியில ஒருத்தர்.”

“என்ன சொன்னாரு?”

“நான் பேசறது நல்லாக் கேக்குதுன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“அவர் பேசறதும் எனக்கு நல்லாக் கேக்குதுன்னேன்.”

“அப்பறம்?”

“அவ்ளோதான்.”

ஆயா சற்று யோசித்தார். “எம்மவன் திருப்பூர்லேர்ந்து போன் போட்டா அவனும் இதத்தான் சொல்லுவான். கேக்குதா கேக்குதாம்பான். அப்பறம் வெச்சிருவான். ஆனா அதுக்கு அவன் மல ஏறுறதில்ல.”

ஆய்வறிஞர் குழுவின் வாய்மொழித் தேர்விலும் இத்தனை துல்லியமான கேள்விகள் வந்ததில்லை.

‘இதனால் என்ன பயன்’ என்று கேட்கப்படும்போது ஹாம்கள் அனைவரும் 2004-ஐச் சொல்வார்கள். சொல்லவும் வேண்டும். நீண்ட காலம் ஹாம்களுக்கு அனுமதி இல்லாதிருந்த அந்தமானில், அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் குழுவினர் பொழுதுபோக்காகவே நிலையம் அமைத்து, உலகத்தோடு ‘59’ பரிமாறிக்கொண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது, தொலைபேசிகள் செத்தன, அந்த நிலையம்தான் தீவின் செய்திகளை வெளியே கொண்டுசேர்த்தது. அதற்கு முந்தின நாள்வரை அவர்கள் பேசியவற்றில் பயனுள்ள ஒரு சொல்லையும் எவரும் கண்டிருக்க முடியாது. கருவியும் கையும் காதும் பழகியிருந்தன, அவ்வளவே. இந்தப் பத்தியில் மட்டும் இவ்வாய்வாளர் கேலி செய்யவில்லை.

இறுதியாகப் பட்டங்கள். வீட்டில் உட்கார்ந்தபடி மலையேறிகளைத் துரத்திப் பிடித்துப் பேசியே ஆயிரம் புள்ளி சேர்ப்பவருக்கு ஒரு சோம்பேறி விலங்கின் பெயரால் பட்டம் உண்டு. மலையேறி ஆயிரம் சேர்த்தவர் ‘மலையாடு’ ஆகிறார். அதற்குச் சான்றிதழும் வாங்கலாம். ஆயாவின் ஆடுகள் தினமும் அந்த உச்சிக்கு ஏறுகின்றன. பேட்டரியும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. அழைப்பும் ஓயாமல் விடுக்கின்றன. அவற்றுக்கு ஏன் பட்டமில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஓர் உச்சிக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் புள்ளி. அது நான்கு புள்ளி உச்சி என்று கொண்டால், ஒரே மலையில் மேயும் ஆடு ஆயிரத்தை எட்ட 250 ஆண்டுகள் ஆகும். ஆட்டின் ஆயுள் பதினைந்தைத் தாண்டுவது அரிது. வேறு மலைகளுக்கும் போய்வந்தால் சீக்கிரம் சேர்த்துவிடலாம்தான். ஆனால் அந்த ஆடுகள் மலையை விட்டு இறங்குவது சந்தை நாளில் மட்டும். அங்கிருந்து எதுவும் இன்னொரு மலைக்குப் போனதாக ஆயாவுக்கு நினைவில்லை.