பொட்டலப் பெரியப்பா

கப்பலில் காலை ஆறரைக்கு பஃபே திறக்கிறார்கள் என்றால், ஆறேகாலுக்கே கதவருகில் ஜெர்கின் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். ஆகஸ்ட் மாதத்து மத்தியதரைக் கடலில் விடியும்போதே வியர்க்கும். குளிருக்காகப் போட்ட ஜெர்கின் இல்லை அது. உள்ளே நாலு பை. இரண்டு கம்பெனி வைத்தது. மற்ற இரண்டும் ஊரிலிருந்து கிளம்புமுன் மாம்பலத்துத் தையல்காரர் வைத்துக் கொடுத்தது.

பொட்டலப் பெரியப்பாக்கள் எல்லாக் கப்பலிலும் உண்டு. சில கப்பல்களில் மாமாவாக இருப்பார்கள், சிலவற்றில் சம்பந்தியாக. ஆகவே இது யாரோ ஒருவரைப் பற்றியது என்று என் குடும்பத்தில் எவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் தட்டு நியாயமான தட்டு. ஓட்ஸ் கஞ்சியில் ஆரம்பித்துப் பப்பாளியில் முடிப்பார். இரண்டாவது தட்டில்தான் தொழில். அதில் வேகவைத்த முட்டை ஆறு. பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரப் பாட்டி அந்த ஆறையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தால், “ஃபேமிலி” என்று சிரிப்பார். ஃபேமிலி நாலு மேஜை தள்ளி, தனித்தனித் தட்டுகளோடு, இவர் யாரென்றே தெரியாத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முட்டையை உடனே கட்டக் கூடாது. சூட்டோடு கட்டினால் ஆவி இறங்கி டிஷ்யூ பேப்பர் நைந்து போகும். அதனால் ஒன்றோடொன்று படாமல் தட்டில் பரப்பி ஆற வைத்துவிட்டு, அந்த நேரத்தில் பன்னைக் கவனிப்பார். குரோசான்ட்டை அவர் மதிப்பதே இல்லை. “உள்ள பூரா காத்துடா. பையை அடைக்கும், வயித்தை அடைக்காது.” கெட்டியான உருண்டை பன்தான் அவர் கட்சி. குறுக்கே கீறி, வெண்ணெய் தடவி, சீஸ் துண்டு ஒன்றை மடித்து வைத்து, ஊரிலிருந்து பழைய ஃபிலிம் ரோல் டப்பாவில் கொண்டுவந்த இட்லி மிளகாய்ப்பொடியை மேலே தூவி, உள்ளங்கையால் ஒரு அமுக்கு. இத்தாலியில் வேறு வழியில்லாமல் அதைத் தின்றிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. என் எரிச்சலில் பாதி அதனால்தான்.

அடுத்தது கட்டுதல். காலமெல்லாம் பாங்க்கில் நோட்டுக் கட்டுக்குப் பட்டை போட்ட விரல்கள். டிஷ்யூவை வைர வடிவில் போட்டு, பன்னை நடுவில் வைத்து, நாலு முனையையும் உள்ளே தள்ளி, சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டை எடுத்து இரண்டு சுற்று. அதோடு விட்டாரா? பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயரின் முதல் எழுத்தும் சாப்பிட வேண்டிய நேரமும் எழுதுவார். என் பொட்டலத்தில் எப்போதும் 12.45 என்றிருக்கும். 12.30 அவருடையது. அந்தக் கால் மணி நேரம் எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாழைப்பழம் ஜெர்கினின் இடது உள்பைக்கு, முட்டை வலதுக்கு, ஜாம் புட்டிகள் பெரியம்மாவின் கைப்பைக்கு. தயிர்க் கோப்பையும் ஒரு காலத்தில் பட்டியலில் இருந்தது. பாஸ்போர்ட்டோடு அது கலந்துவிட்ட சம்பவத்துக்குப் பிறகு நீக்கப்பட்டது.

மேஜை துடைக்க வரும் கோவாக்காரப் பையனுக்கு இதெல்லாம் தெரியும். “சார், வெளியில கொண்டுபோகக் கூடாது” என்பான் மரியாதையாக. “ரூமுக்குப்பா” என்பார் பெரியப்பா. கேபினுக்கு எடுத்துப் போகத் தடையில்லை என்பது இருவருக்கும் தெரியும்; கேபினில் ஆறு முட்டையை யாரும் தின்னப் போவதில்லை என்பதும் தெரியும். மூன்றாம் நாள் அந்தப் பையனே கேட்காமல் ஒரு கத்தை டிஷ்யூ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் தெளிவாகப் போட்டிருப்பார்கள்: கரைக்கு எந்த ‘ஃப்ரெஷ்’ உணவும் எடுத்துப் போகக் கூடாது, பிரிக்காத பாக்கெட் பிஸ்கட், சிப்ஸ் பரவாயில்லை என்று. அதைப் படித்துக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அதனாலதான் சீஸை ராத்திரியே எடுத்து வெச்சுட்டேன். இப்ப அது ஃப்ரெஷ் இல்ல” என்றார்.

சட்டத்தைவிட அவருடைய கணக்கோடு மோதுவதுதான் கஷ்டம். “ஒரு நாள் கட்டணத்தை நாலாப் பிரி. ரூம், காலை, மத்தியானம், ராத்திரி. மத்தியானம் நாம ஊர் பாக்க இறங்கிட்டோம். அந்தக் கால் பங்கு யாருக்குப் போச்சு? அவனுக்கு. நான் திருடறேங்கறியே, யாருடா திருடன்?” இதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கிறேன், ஆனால் அவர் கேட்கும்போது வருவதில்லை.

கப்பலை விட்டு இறங்கும்போது கார்டைக் காட்டினால் ‘டிங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பையை எக்ஸ்ரேயில் விட்டுப் பார்ப்பதெல்லாம் திரும்பி ஏறும்போது. இந்த நுணுக்கத்தைக் கண்டுபிடித்த நாளில் பெரியப்பா அடைந்த சந்தோஷத்தை அவர் பையனின் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இப்படித் தப்பிக்கலாம். சிட்னியில் மகனோ மகளோ இருந்து, அங்கிருந்து நியூசிலாந்துக் கப்பலில் ஏற்றிவிடப்படும் பெரியப்பாக்களின் பாடுதான் திண்டாட்டம். அந்த நாட்டுக்காரர்களுக்குப் பழம் என்றாலே பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. 2010-இல் டெ புக்கே என்ற ஊரின் கிவிப் பழத் தோட்டங்களில் ஒரு பாக்டீரியா நோய் புகுந்து கொடிகளை அழித்தது. 2015-இல் ஆக்லாந்தின் கிரே லின் பகுதியில் குவீன்ஸ்லாந்துப் பழ ஈ பொறியில் சிக்கியபோது, சுற்றுவட்டார வீடுகளிலிருந்து பழம் வெளியே போகத் தடை போட்டுவிட்டுத் தெருத்தெருவாகத் தேடினார்கள். மறைத்துக் கொண்டுவந்து மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். நடிகை ஹிலாரி ஸ்வாங்க் 2005-இல் ஒரு ஆப்பிளுக்கும் ஒரு ஆரஞ்சுக்கும் ஆக்லாந்து விமான நிலையத்தில் அபராதம் கட்டியிருக்கிறார். போதாததற்கு பீகிள் நாய்கள் வேறு. சுங்க அதிகாரியிடம் “ஃபேமிலி” என்று சொல்லலாம். பீகிளிடம் என்ன சொல்வது? அதனால் அங்கே பெரியப்பா சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். இறங்கும் வழியில் வைத்திருந்த குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வாழைப்பழங்களை ஒவ்வொன்றாக உரித்துத் தின்று, தோலை மட்டும் தொட்டியில் போட்டார். பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது. (மீண்டும் சொல்கிறேன், பொதுவாகத்தான் எழுதுகிறேன்.)

இத்தாலிக்கு வருவோம். கரையில் உட்கார்ந்து தின்கிறவர்கள்மேல் இத்தாலிய நகரங்களுக்குக் கொஞ்ச காலமாகவே கடுப்பு. ஃபிளாரன்ஸ் மேயர் 2017-இல் மத்தியான வேளையில் தேவாலயப் படிகளில் குழாய் வைத்துத் தண்ணீர் அடிக்கச் சொன்னார். ஈரத்தில் யாரும் உட்கார்ந்து பொட்டலம் பிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. பாவம், அவருக்கு ஜெர்கினைப் பற்றித் தெரியாது. ஈரப் படியில் விரித்துப் போட்டால் அதுவே பாய்.

நேப்பிள்ஸில் இறங்கி பாம்பேய் போனோம். அங்கே 30-க்கு 30-க்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள பையை உள்ளே விட மாட்டார்கள். வாசலில் ஒப்படைக்க வேண்டும். பெரியப்பா பையை ஒப்படைத்தார். பொட்டலங்களை ஒப்படைக்கவில்லை. கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்துச் சாம்பலில் புதைந்த நகரத்துக்குள், இடுப்பைச் சுற்றி உப்பிய ஒரு மனிதராக நடந்து போனார். பொறுமையாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு தெருமுனையில், கல் மேடையும் அதில் பதித்த பானைகளுமாக ஒரு கடை. சூடான சாப்பாடு விற்ற கடை அது. அந்த ஊரில் இப்படி 80-க்கு மேல் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2020-இல் வெளியே தெரிந்த ஒன்றில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் பானைகளுக்குள் கிடைத்தது. சாதாரண ஜனங்களில் நிறையப் பேர் வீட்டில் அடுப்பு மூட்டாமல் இங்கேதான் வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று வழிகாட்டிப் பெண் விளக்கினாள். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். 12.30. இரண்டாயிரம் வருஷத்து ஓட்டல் வாசலில், சுவரோரம் சாய்ந்து நின்று, கப்பல் முட்டையின் ஓட்டைக் கல்லில் தட்டினார். காவலாளி ஓடிவந்தான்.

“உள்ள தொட்டாத்தான் தப்பு. நான் வெளிப்பக்கம்தான தட்டினேன்?” என்று எங்களிடம் கேட்டார்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பல் சமையலறைகளில் பின்பற்றப்படும் அமெரிக்கச் சுகாதார விதி, குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழும் போகக் கூடாது என்கிறது. நடுவில் இருப்பதெல்லாம் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆகஸ்ட் வெயிலில் ஜெர்கின் பை அந்த நடுவுக்கும் நடுவில் இருக்கும். இதைச் சொன்னால், “நாங்க திருப்பதிக்குப் புளியோதரை கட்டிட்டுப் போனப்ப தெர்மாமீட்டரா வெச்சுக்கிட்டோம்?” என்பார். புளிக்கும் எண்ணெய்க்கும் கெடாமல் வைக்கிற குணம் உண்டு, முட்டைக்கும் வெண்ணெய்க்கும் இல்லை என்று நான் முடிப்பதற்குள் இரண்டாவது முட்டையை உரித்திருப்பார்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டு எழுதினேன். இனிமேல் முடியாது.

பாம்பேயிலிருந்து நேப்பிள்ஸ் திரும்பி, கப்பலுக்கு இன்னும் நேரமிருந்ததால் பழைய நகரத்தின் குறுகலான தெருக்களில் நடந்தோம். பீட்சா பிறந்த ஊர். மாவைக் கையால் சுழற்றி விறகடுப்பில் சுடும் அந்தக் கலையை 2017-இல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு கடை வாசலில் அடுப்பின் நெருப்பு தெருவரைக்கும் தெரிந்தது. பெரியப்பாவின் பேரன், ஒன்பது வயசுப் பையன், அங்கேயே நின்றுவிட்டான். ஒரு மார்கரீட்டாவின் விலை ஆறேழு யூரோ. “ராத்திரி கப்பல்ல பீட்சா ஃப்ரீடா கண்ணா. எவ்வளவு வேணும்னாலும் தின்னலாம்” என்று அவன் கையில் மிச்சமிருந்த பொட்டலத்தைத் திணித்தார். மேலே 1.15 என்று எழுதியிருந்தது. மணி மூன்றாகியிருந்தது.

லட்சக்கணக்கில் கட்டி, விமானம் ஏறி, கடல் கடந்து, அந்த அடுப்புக்குப் பத்தடி முன்னால் ஒரு குழந்தையை நிறுத்தி, காய்ந்த பன்னைக் கொடுப்பதற்குப் பெயர் சிக்கனமா? ஊர் ஊராகக் கப்பலையே கட்டித் தூக்கிக்கொண்டு அலைகிறோம். காலையில் ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள், தெருவை அடைக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், குப்பைத் தொட்டியில் முட்டை ஓட்டைப் போடுகிறார்கள், சாயங்காலம் ஏறிவிடுகிறார்கள். கடைக்காரனுக்கு என்ன மிச்சம்? அன்றைக்குப் பெரியப்பா அந்தக் கடைக்காரனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாத்ரூம் எங்கே?

அவர் உள்ளே போன அந்த ஐந்து நிமிஷத்தில் பெரியம்மா பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு காணாமல் போனார். திரும்பி வந்தபோது பையனின் சட்டை முழுக்கப் பொடிச் சர்க்கரை. அடுக்கடுக்காகச் சிப்பி மாதிரி மடித்து, உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட நேப்பிள்ஸ் பலகாரம். பெரியம்மாவின் உதட்டோரத்திலும் கொஞ்சம் சர்க்கரை. பெரியப்பா இருவரையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கைக்குட்டையை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினார்.

திறக்காத பொட்டலங்கள் மறுபடியும் கப்பலேறின. எக்ஸ்ரே திரையில் இரண்டு முட்டை பளிச்சென்று தெரிந்தது. வீணாக்கக் கூடாது என்று அவற்றைக் கேபினில் உட்கார்ந்து தின்றுவிட்டு, ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பசியில்லாமல் சூப்பை மட்டும் கலக்கிக்கொண்டிருந்தார். அப்படியானால் ராத்திரிக்கான கால் பங்கு யாருக்குப் போயிற்று என்று கேட்க நாக்கு துடித்தது. பெரியம்மா என் காலை மேஜைக்கடியில் மிதித்தார்.

அடுத்தது அலாஸ்காவாம். “குளிர் பிரதேசம்டா, ஃப்ரிட்ஜுக்குள்ள நடக்கிற மாதிரி. எதுவுமே கெடாது” என்று போன வாரம் போனில் குதூகலித்தார். ஜூனோவில் மெண்டன்ஹால் பனிப்பாறையைப் பார்க்கப் போகும் இடத்தில் கரடி நடமாட்டம் உண்டு, அதனால் அங்கே சாப்பாடு கொண்டுபோகவே தடை என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

“கருப்புக் கரடியா, பழுப்பா?”

“கருப்பு, பெரியப்பா.”

“அப்ப எட்டு முட்டையா எடுத்துக்கலாம்” என்றார்.